‘சிடி பிஎன்எஸ்’ என்று மட்டும் எழுதி அனுப்பும் டாக்டர்களுக்கு

மதிப்புக்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். காது மூக்கு தொண்டை நிபுணர்கள், பொது மருத்துவர்கள், சாயங்காலம் மட்டும் கிளினிக் திறப்பவர்கள் என்று, சைனஸ் சந்தேகத்தில் ஸ்கேனுக்கு ஆள் அனுப்பும் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் சிடி டெக்னீஷியனாக இருக்கிறேன். 2006-ல் இந்த வேலைக்கு வந்தேன். உங்களில் பலரை நான் நேரில் பார்த்ததில்லை, கையெழுத்தோடுதான் பழக்கம். யாருடையது கோழி கிளறியது போல இருக்கும், யார் பச்சை மை, யார் தேதி போட மறப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி.

நீங்கள் அனுப்பும் சீட்டில் பெரும்பாலும் நோயாளியின் பெயர், வயது, அதற்குக் கீழே ‘சிடி பிஎன்எஸ்’. அவ்வளவுதான். மூக்கைச் சுற்றியுள்ள காற்றறைகளை, அதாவது சைனஸ்களைப் படம் எடுக்கச் சொல்கிறீர்கள் என்பது புரிகிறது. எதற்காக என்பதுதான் புரிவதில்லை. எத்தனை நாளாகத் தொந்தரவு, எந்தப் பக்கம், மருந்து கொடுத்துப் பார்த்தாயிற்றா, அறுவைக்குத் திட்டமா, இல்லை தலைவலிக்கு என்ன காரணம் என்று தேடுகிறீர்களா? ஒன்றுமே இருக்காது. இன்னும் இரண்டு வரி எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். இதற்குப் போய் ஒரு கடிதமா என்று நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு அம்மா வந்தார். நூல் மில்லில் வேலை, நாற்பது வயதுக்குள் இருக்கும். மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டு பழைய எக்ஸ்ரே, போன வருஷம் வேறொரு ஊரில் எடுத்த சிடி ஃபிலிம், அதன் ரிப்போர்ட். ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதியில் ஒவ்வொரு வரிக்கும் நீல மையில் எண் போட்டிருந்தது. ஒன்பதாவது படிக்கும் மகள் போட்டதாம்.

“சார், எனக்கு ஆறு வியாதி இருக்குன்னு இதுல எழுதியிருக்கு. டாக்டர் ஒண்ணுக்குத்தான் மருந்து குடுத்தாரு. மிச்சம் அஞ்சுக்கு எங்க போறது?”

வாங்கிப் படித்தேன். மூக்கின் நடுச்சுவர் இடப்பக்கம் லேசாக வளைந்திருக்கிறது. மூக்குக்குள் பக்கச் சுவரிலிருந்து நீளும் மடல்களில், வலது நடு மடலுக்குள் காற்று இருக்கிறது. கன்ன அறைகள் இரண்டிலும் சவ்வு கொஞ்சம் தடித்திருக்கிறது. இடது கன்ன அறையில் சிறிய நீர்க்கட்டி. கீழ் மடல்கள் பருத்திருக்கின்றன. இது ஐந்து. ஆறாவது வரி, ‘நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும்’. அதற்கும் அந்தப் பெண் எண் போட்டிருந்தாள்.

சிரிக்க முடியவில்லை. எதோடு பொருத்திப் பார்ப்பது? பழைய சீட்டின் நகலும் அந்தப் பையில் இருந்தது. பெயர், வயது, சிடி பிஎன்எஸ். ரிப்போர்ட் எழுதிய ரேடியாலஜிஸ்ட் அந்த அம்மாவைப் பார்த்ததே இல்லை. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவிட்டு, பொருத்தம் பார்க்கும் வேலையை உங்களிடம் திருப்பி அனுப்பியிருக்கிறார். நீங்கள் அதைப் படித்துவிட்டு சைனஸ் என்று மருந்து எழுதியிருக்கிறீர்கள். நடுவில் மாட்டிக்கொண்டது அந்த அம்மா.

மெஷின் தயாராகும்வரை பேச்சுக் கொடுத்தேன். மாசத்துக்கு மூன்று நான்கு தடவை தலைவலி. வலப்பக்கம் மட்டும், விண் விண்ணென்று தெறிக்கும். கதவைச் சாத்திவிட்டு இருட்டில் படுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் கொஞ்சம் தேவலை. மூக்கடைக்குமா? “அப்படி ஒண்ணும் இல்ல சார்.” சளி? இல்லை. வாசனை தெரிகிறதா? “மூணாவது வீட்டுக் கருவாட்டுக் கொழம்பு எங்க வீட்டுக்கு வரும்.”

நான் டாக்டர் இல்லை. அவரிடம் எதுவும் சொல்லவில்லை. படம் எடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் ஒன்று உங்களுக்கே தெரியும். ‘சைனஸ் தலைவலி’ என்று தாங்களே நினைத்துக்கொண்டிருந்த, அல்லது டாக்டர் அப்படிச் சொல்லியிருந்த 2,991 பேரை எடுத்து விசாரித்த ஆய்வு 2004-ல் அமெரிக்காவில் வந்தது. காய்ச்சலோ சீழ்ச்சளியோ இல்லாதவர்களாகப் பார்த்து எடுத்தார்கள். அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை. ‘வலப்பக்கத் தலைவலி, வாந்தி, மூக்கில் தொந்தரவு இல்லை’ என்று அந்தச் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால், எழுதி முடிக்கும்போதே இவருக்கு எதற்கு இந்த ஸ்கேன் என்று உங்களுக்கே தோன்றியிருக்கும். இரண்டு வரி கேட்பதில் என் சுயநலம் பாதி, மறுபாதி இதுதான். எழுத உட்கார்ந்தால் கேட்க வேண்டிவரும்.

அந்த அம்மாவின் ‘ஐந்து வியாதி’க்கு வருகிறேன். நான் ஒரு நாளில் எடுக்கும் தலை சிடிகளில், விபத்து, பக்கவாதம் என்று வருபவர்களின் படத்திலும் சைனஸ் தெரியும். மூக்கைப் பற்றி ஒரு குறையும் சொல்லாத ஆட்கள். அவர்களிலும் கணிசமானவர்களுக்குச் சவ்வு தடித்திருக்கும், நீர்க்கட்டி இருக்கும். நடுச்சுவர் நூல் பிடித்தாற்போல நேராக இருப்பவரைப் பார்ப்பதுதான் அபூர்வம். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரண ஜலதோஷம் பிடித்த 31 பேரைச் சிடி எடுத்தார்கள். 27 பேருக்குக் கன்ன அறைகளில் மாற்றம். அதில் 14 பேரை இரண்டு வாரம் போல கழித்து, ஆன்டிபயாடிக் எதுவும் கொடுக்காமல், மறுபடி எடுத்தபோது 11 பேருக்குத் தானாகவே சரியாகியிருந்தது, அல்லது நன்றாகக் குறைந்திருந்தது. அதாவது சளி பிடித்திருக்கும் வாரத்தில் யாரை என் மெஷினுக்குள் படுக்க வைத்தாலும் ரிப்போர்ட்டில் ‘சைனசைட்டிஸ்’ வந்துவிடும்.

மடல் பருத்திருக்கிறது என்பதில் இன்னொரு வேடிக்கை. மூக்கின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே அளவுக்குத் திறந்திருப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்க மடல் வீங்கும், மறுபக்கம் சுருங்கும், பிறகு மாறும். நம் ஊரில் இடகலை, பிங்கலை என்று மூச்சின் சரம் பார்த்தவர்கள் ஸ்கேன் இல்லாமலே கவனித்து வைத்த விஷயம் இது. நான் படம் எடுப்பது சில நொடி. அந்த நொடியில் எந்தப் பக்கத்துச் சரம் அடங்கியிருந்ததோ, அந்தப் பக்கத்து மடல் படத்தில் பெரிதாகத் தெரியும். அதே ஆளைச் சாப்பாட்டு நேரம் கழித்து எடுத்திருந்தால் மறுபக்க மடல் பெரிதாக இருந்திருக்கலாம். ரிப்போர்ட்டில் அது ‘வலது கீழ் மடல் பருமன்’ என்று ஏறிவிடுகிறது. வீட்டுக்குப் போனதும் அது ‘மூக்குல சதை வளந்திருக்காம்’ ஆகிவிடுகிறது.

நாள்பட்ட சைனஸ் என்று சொல்ல என்ன வேண்டும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூக்கடைப்பு அல்லது சளி ஒழுகல், அதனுடன் முகத்தில் பாரமோ வலியோ, அல்லது வாசனை குறைவது. இவை 12 வாரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். அதற்கு மேல் எண்டோஸ்கோப்பியிலோ சிடியிலோ கண்ணால் பார்த்த சான்று வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதலும் சரி, அமெரிக்க வழிகாட்டுதலும் சரி, அறிகுறியும் சான்றும் சேர்ந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. என் மெஷின் தருவது சான்றை மட்டும். அறிகுறி உங்கள் மேஜைக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அது சீட்டில் ஏறாமல் என்னிடம் வந்தால் பாதிதான் வந்திருக்கிறது. பத்து நாள் சளிக்கு, சிக்கல் எதுவும் இல்லாதபோது, படமே வேண்டாம் என்பதும் அந்த வழிகாட்டுதல்களில் இருக்கிறது. ஆனாலும் மார்கழி, தை மாதங்களில் என் வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

எக்ஸ்ரேயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘வாட்டர்ஸ் வியூ’ என்று இன்னும் எழுதுகிறீர்கள். தாடையைப் பலகையில் அழுத்தி, மூக்கு நுனி பலகையில் படாமல், வாயைத் திறந்து, அண்ணாந்து நிற்க வைத்து எடுக்கும் படம். 1915-ல் எழுதிவைத்த முறை. வேறு வழியில்லாத காலத்தில் அது பெரிய விஷயம்தான். ஆனால் எக்ஸ்ரேயில் முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். கன்ன அறையில் நீர் நிற்பது தெரியலாம். கண்களுக்கு நடுவே தேன்கூடு போல இருக்கும் சிறு அறைகள், நாள்பட்ட தொந்தரவின் ஊற்றுக்கண்ணே பல நேரம் அங்கேதான், அவை ஒழுங்காகத் தெரியாது. கழுத்தைக் கொஞ்சம் குறைவாக அண்ணாந்தால் உள்காதைச் சுற்றியுள்ள எலும்பின் நிழல் கன்ன அறையின் அடியில் ஏறிக்கொண்டு சளி போலவே தெரியும். எத்தனை தடவை அப்படித் திரும்ப எடுத்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

குழந்தைகளுக்கு எழுதுவதை மட்டுமாவது நிறுத்துங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு நெற்றி அறை இன்னும் உருவாகியே இருக்காது. அது தலைகாட்டுவதே ஆறேழு வயதுக்கு மேல், முழுதாக வளர்வது பதின்பருவத்தில். இல்லாத அறை ஃபிலிமில் வெள்ளையாகத்தான் இருக்கும். அதைக் காட்டி “நெத்தி பூரா சளி அடைச்சிருக்கு” என்று ஒரு அப்பாவிடம் சொல்லப்பட்டதை என் காதால் கேட்டேன். எந்த கிளினிக் என்று சொல்லப்போவதில்லை. அந்த அப்பா பிள்ளையின் நெற்றியைத் தடவிக்கொண்டே போனார்.

சிடி உண்மையில் எதற்குப் பிரமாதமாக உதவுகிறது என்பதை அருகிலிருந்து பார்ப்பவன் நான். அது அறுவை செய்பவருக்கான வரைபடம். கன்ன அறையின் வாசல் அடியில் இல்லை. உள் சுவரில், மேலே இருக்கிறது. சவ்விலுள்ள நுண்மயிர்கள் சளியை ஈர்ப்பு விசைக்கு எதிராக மேலே தள்ளி, அந்தச் சின்ன வாசல் வழியாக மூக்குக்குள் விடுகின்றன. இதை ஆஸ்திரியாவின் க்ராஸ் நகரத்தில் மெஸ்ஸர்க்ளிங்கர் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் வருஷக்கணக்கில் பார்த்துப் பதிவு செய்தார். அதற்கு முன்பு மேலுதட்டைத் தூக்கி, உள்ளே ஈறுக்கு மேலே கீறி, கன்ன அறையைத் திறந்து, அடியில் புது ஓட்டை போட்டார்கள். சளி என்ன செய்தது? அந்த ஓட்டையைத் தாண்டி மறுபடி பழைய வாசலுக்கே ஏறியது. மெஸ்ஸர்க்ளிங்கர் சொன்னது புரிந்த பிறகுதான், வாசலை மட்டும் சரிசெய்யும் எண்டோஸ்கோப்பி அறுவை 1980-களில் உலகம் முழுக்கப் பரவியது. அந்த வாசல் பகுதி, நேருக்கு நேர் வெட்டிய சிடி படத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

நான் வேலைக்கு வந்த புதிதில் அந்த நேர்வெட்டு எடுக்க ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, தாடையை நீட்டி, கழுத்தைப் பின்னால் வளைக்கச் சொல்வோம். கழுத்து எலும்பு தேய்ந்த பெரியவர்கள் பட்ட பாடு! ஒரு தாத்தா, “ஆமை மாதிரி கழுத்த நீட்டச் சொல்றியே தம்பி, நான் என்ன ஓட்டுக்குள்ளயா இருக்கேன்?” என்றார். இப்போது மல்லாந்து படுத்தால் போதும். மெல்லிய வெட்டுகளாக எடுத்துவிட்டு, எந்தத் திசையில் வேண்டுமோ கம்ப்யூட்டரில் திருப்பிக்கொள்ளலாம்.

இங்கேதான் உங்கள் சீட்டில் ‘அறுவைக்கு’ என்ற ஒரு சொல் இருப்பதும் இல்லாததும் பெரிய வித்தியாசம். அது இருந்தால் மெல்லிய வெட்டுகள், மூன்று திசைப் படங்கள், எலும்பு தெரியும் விண்டோ எல்லாம் போட்டு டிஸ்க்கில் பதிந்து கொடுப்பேன். ரேடியாலஜிஸ்டும் வேறு கண்ணோடு பார்ப்பார். கண் குழிக்கும் சைனஸுக்கும் நடுவில் காகிதம் போன்ற எலும்பு முழுசாக இருக்கிறதா, மூக்கின் கூரை மூளைப் பக்கம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது, பின்னால் உள்ள ஒரு சிற்றறை பார்வை நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறதா, முன்பே அறுவை நடந்திருந்தால் அடையாளங்கள் எங்கே போயின, இதையெல்லாம் எழுதுவார். கூரையின் ஆழத்தை கெரோஸ் என்பவர் 1962-ல் மூன்று வகையாகப் பிரித்தார். 1 முதல் 3 மில்லிமீட்டர், 4 முதல் 7, 8 முதல் 16. மூன்றாவது வகை உள்ளவருக்குக் கருவி கொஞ்சம் தவறினால் மூளைக்கருகில் போய்விடும். சவ்வு லேசாகத் தடித்திருக்கிறது என்பதைவிட உங்களுக்கு வேண்டியது அதுதானே?

சொல் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? ஒரே ஒரு பெரிய ஃபிலிமில் இருபது சொச்சம் படம் அச்சாகி, கவரில் போய்விடும். ஆறு மாதம் கழித்து அறுவை முடிவாகும். சர்ஜன் மெல்லிய வெட்டு கேட்பார். எங்கள் கம்ப்யூட்டரில் அது சில வாரம்தான் நிற்கும். இடம் போதாமல் அழித்துவிடுவோம். மறுபடி ஸ்கேன், மறுபடி காசு, மறுபடி கதிர்வீச்சு. இந்தக் கதை எங்கள் சென்டரில் ஒரு தடவை இரண்டு தடவை நடந்ததல்ல.

கதிர்வீச்சைப் பெரிதுபடுத்திப் பயமுறுத்தவும் எனக்கு விருப்பமில்லை. வழக்கமான சைனஸ் சிடி ஒன்று சுமார் 0.6 மில்லிசீவர்ட், மண், வானம், சோறு எல்லாவற்றிலுமிருந்தும் ஒரு மனிதருக்கு வருஷத்துக்குச் சராசரியாக 2.4 வருகிறது. அந்தக் கணக்கில் ஒரு ஸ்கேன் என்பது மூன்று மாத இயற்கைக் கதிர்வீச்சு. ஆனால் கதிர் போகும் வழியிலேயே கண் லென்ஸ் இருக்கிறது. தவிர, மூக்கில் பார்ப்பது எலும்பையும் காற்றையும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. ஆகவே கதிரை நன்றாகக் குறைத்தும் தேவையான படத்தை எடுத்துவிடலாம். ‘மருந்துக்குப் பிறகு மறுபார்வை’ என்று எழுதியிருந்தால் நான் குறைத்தே எடுப்பேன். எதுவும் எழுதாத சீட்டுக்கு வழக்கமான அளவில்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, பக்கம். ‘இடப்பக்கம் மட்டும்’ என்ற இரண்டு சொல்லுக்கு உள்ள மதிப்பை எழுதுபவர்கள் உணர்வதில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடைத்திருப்பது ஒரு கதை. ஒரு பக்கம் மட்டும் என்றால் வேறு கதை. பல், பூஞ்சை உருண்டை, கட்டி என்று யோசிக்க வேண்டும். காய்கறி மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவர் வந்தார். இடது மூக்கில் துர்நாற்றத்தோடு சளி. பல மாதமாக மாற்றி மாற்றி ஆன்டிபயாடிக். முந்தைய ஸ்கேனில் மேல் அண்ணத்தோடு படத்தை வெட்டியிருந்தார்கள். சைனஸ் என்று கேட்டால் சைனஸோடு நிறுத்துவது வழக்கம்தான். நான் பேசிப் பார்த்ததில், “அந்தப் பக்கம் கடவாப்பல்லு வேர்ல மருந்து வெச்சு மூடினாங்க சார், போன சித்திரையில” என்றார். பல்வரிசை முழுக்கத் தெரியும்படி கீழே இறக்கி எடுத்தேன். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்து, கன்ன அறையின் தரை உடைந்திருந்தது. பல் டாக்டரிடம் போக வேண்டிய ஆள் மூக்கு டாக்டரிடம் அலைந்துகொண்டிருந்தார். ‘ஒரு பக்கம், நாற்றம்’ என்று சீட்டில் இருந்தால் முதல் டெக்னீஷியனே கீழே இறக்கி எடுத்திருப்பார்.

2021-ஐ நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா இரண்டாம் அலை. சுகர் கட்டுக்கடங்காதவர்கள், ஸ்டீராய்டு எடுத்தவர்கள், கருப்புப் பூஞ்சை. மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. அந்த நாட்களில் ராத்திரி பதினொரு மணிக்கும் ஸ்கேன் எடுத்தேன். அப்போது எங்கள் ரேடியாலஜிஸ்ட் ஒரு படத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தது மறக்காது. கன்ன அறைக்குள் பார்த்தால் சவ்வு கொஞ்சம் தடித்திருக்கிறது, அவ்வளவுதான். எந்த ஜலதோஷத்திலும் இருப்பதுதான். ஆனால் அறைக்குப் பின்னால் கரும்பட்டையாகத் தெரிய வேண்டிய கொழுப்பு, புகை படிந்தது போலக் கலங்கியிருந்தது. எலும்பு உடையவில்லை, பூஞ்சை தாண்டிவிட்டது. “சுகர்னு சீட்டுல இல்லன்னா நான் இங்க பாத்திருக்கவே மாட்டேன்” என்றார். அதை அனுப்பிய டாக்டர் ‘சுகர் 400, கன்னம் மரத்துப்போகிறது, 3 நாள்’ என்று எழுதியிருந்தார். அந்த நோயாளியை அன்றைக்கே மதுரைக்கு அனுப்பினார்கள்.

இதே மாதிரி அவசரங்களில் ப்ளெயின் சிடி போதாது. மருந்து ஏற்றிய சிடியோ எம்ஆர்ஐயோ தேவைப்படும். கண் வீங்கியது, பார்வை மங்குவது, கழுத்து விறைப்பு, ஒரு பக்க மூக்கில் ரத்தம் என்று முன்கூட்டியே தெரிந்தால் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, வெறும் வயிற்றோடு வரச்சொல்லலாம். இட்லி சாப்பிட்டு வந்தவரை நான்கு மணி நேரம் உட்கார வைத்த நாட்கள் உண்டு. எம்ஆர்ஐயை மட்டும் நம்பியும் மோசம் போகலாம். கெட்டிப்பட்ட பூஞ்சைச் சளி சில படங்களில் காற்றைப் போலவே கன்னங்கரேலென்று தெரியும். அறை காலி என்று தோன்றும். அதே இடம் சிடியில் பளிச்சென்று வெள்ளையாக நிற்கும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் எதை முதலில் எடுப்பது என்று தெரியும்.

கவர் விஷயத்தை இங்கே எழுத வேண்டாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஒரே ஒரு பத்தி. அனுப்பும் ஒவ்வொரு தலைக்கும் சென்டரிலிருந்து எதுவும் வாங்கக் கூடாது என்று 2002-ம் வருஷ மருத்துவ நெறிமுறை விதிகளில், 6.4-ல் இருக்கிறது. கொடுக்கிற பக்கமும் யோக்கியமில்லை, அது எனக்குத் தெரியும். காரணம் எழுதப்படாத சீட்டைப் பார்க்கும்போது ‘எதற்கு’ என்ற கேள்விக்கு நோயாளிகள் தாங்களே ஒரு பதிலைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். நேர்மையாக அனுப்புகிறவருக்கும் சேர்த்துத்தான் அந்தப் பெயர்.

எங்கள் பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்கிறேன். பத்து வருஷம் போல நானும் சீட்டில் இருப்பதைப் படித்து, படுக்க வைத்து, எடுத்து, அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். கேட்க வேண்டும் என்றே தோன்றியதில்லை. இப்போது படுக்க வைப்பதற்கு முன் எத்தனை மாதம், எந்தப் பக்கம், என்ன மருந்து எடுத்தீர்கள் என்று கேட்டு, சீட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுகிறேன். ரேடியாலஜிஸ்டுக்கு உதவுகிறது என்கிறார். ரேடியாலஜிஸ்டுகளிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நீர்க்கட்டி, லேசான வளைவு போன்றவற்றை எழுதும்போது ‘தொந்தரவு இல்லாதவர்களிடமும் காணப்படுவது’ என்று மூன்று சொல் சேர்த்தால், ஒன்பதாவது படிக்கும் பெண் அதற்கு எண் போட மாட்டாள்.

ஒருமுறை சந்தேகம் கேட்க ஒரு டாக்டருக்குப் போன் செய்தேன். “நான் கேட்டது ஸ்கேன், வியாக்கியானம் இல்ல” என்று வைத்துவிட்டார். அவரும் இதைப் படிக்கக்கூடும். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் ஐயா. அன்று நான் கேட்டது, எந்தப் பக்கம் என்று மட்டும்தான்.

உங்களுக்கு நேரமில்லை என்பது தெரியும். ஓபியில் அறுபது எழுபது பேர் நிற்கும்போது யார் கதை எழுதுவது? கதை வேண்டாம். போன செவ்வாய்க்கிழமை வந்த சீட்டு ஒன்றை அப்படியே தருகிறேன்:

‘பெண், 42. 5 மாதமாக இரு பக்க மூக்கடைப்பு, வாசனை இல்லை. ஆஸ்துமா உண்டு. எண்டோஸ்கோப்பியில் இரு பக்கமும் பாலிப். ஸ்ப்ரே, உப்புநீர்க் கழுவல் 8 வாரம் முடிந்தது, குறையவில்லை. முன்பு அறுவை இல்லை. அறுவைக்குத் திட்டம்.’

எழுத ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? சளி உச்சத்தில் இருக்கும்போது அனுப்பவில்லை, மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கிறார். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மெல்லிய வெட்டு, மூன்று திசை, டிஸ்க். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. மூக்கின் கூரை இடப்பக்கம் வலதைவிடத் தாழ்ந்திருக்கிறது, அறுவையின்போது கவனம் தேவை என்று தடித்த எழுத்தில் இருந்தது. எவ்வளவு அடைத்திருக்கிறது என்று 24-க்கு மதிப்பெண் போட்டிருந்தார் ரேடியாலஜிஸ்ட். கடைசி வரியைத் தேடிப் பார்த்தேன். ‘அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும்’ என்பது இல்லை.

இப்படிக்கு,
ஒரு சிடி டெக்னீஷியன்

பின்குறிப்பு: இன்னொரு சின்ன உதவி. பெண்களை அனுப்பும்போது மூக்குத்தியைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். உலோகம் இருந்தால் அதைச் சுற்றிச் சூரியக்கதிர் போல வெள்ளைக் கோடுகள் விழுந்து மூக்கின் முன்பகுதி தெரியாமல் போகும். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை, கழுத்துக்குக் கீழே நாங்கள் எடுப்பதில்லை. இதைச் சொல்லாததால் சிலர் வாசலிலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள். நாற்பது வருஷமாகக் கழற்றாத எட்டுக்கல் பேசரியின் திருகு எங்கள் தேங்காய் எண்ணெய்க்கு மசியாது. அதற்குப் பத்தர் கடைக்குத்தான் போக வேண்டும், அவர் மதியம் கடை திறப்பதில்லை.